பழைய இரும்புக்குள் பதுங்கும் கதிர்

1984 ஜனவரி 16ஆம் தேதி, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கட்டுமானக் கம்பி ஏற்றிச் சென்ற லாரி ஒன்று வழி தவறி, லாஸ் அலமோஸ் அணு ஆய்வுக்கூடத்தின் பக்கம் போய்விட்டது. அங்கே பொருத்தியிருந்த கதிர்வீச்சு உணர்கருவி ஒலித்தது. ஆய்வுக்கூடத்தின் பாதுகாப்புக்காக வைத்த கருவி அது; கம்பி லாரிகளைச் சோதிப்பது அதன் வேலையே அல்ல. விசாரித்துக்கொண்டே போனபோது தடம் எல்லை தாண்டி, மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரெஸ் நகரத்துப் பழைய இரும்புக் கிடங்கில் போய் நின்றது. கிடங்கு அறையில் வருடக்கணக்கில் சும்மா கிடந்த புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவி ஒன்றை 1983 டிசம்பரில் பிரித்து எடைக்கு விற்றிருந்தார்கள். அதற்குள் ஒரு மில்லிமீட்டர் அளவில் ஏறத்தாழ 6,000 கோபால்ட்-60 மணிகள் இருந்தன. அவற்றில் பல பழைய இரும்போடு சேர்ந்து உலைக்குப் போய், கம்பியாகவும் மேசைக் கால்களாகவும் இரண்டு நாடுகளுக்குப் பரவிவிட்டன. மெக்சிகோவில் 800க்கும் மேற்பட்ட வீடுகளை முழுதாகவோ பகுதியாகவோ இடிக்க வேண்டிவந்தது. ஓட்டுநர் சரியான திருப்பத்தில் திரும்பியிருந்தால் எத்தனை குடும்பங்கள் அந்தச் சுவர்களுக்குள் எத்தனை காலம் வாழ்ந்திருக்கும் என்று கணக்கிட முடியாது. தைவானில் அப்படித்தான் நடந்தது. 1980களின் தொடக்கத்தில் தைபே நகரில் கதிரியக்கக் கம்பியால் எழுப்பிய குடியிருப்புகள் 1992இல்தான் வெளிச்சத்துக்கு வந்தன.

பழைய இரும்பை வாங்குகிறவர் அதைத் தூக்கிப் பார்க்கிறார், தட்டிப் பார்க்கிறார், காந்தம் வைத்துப் பார்க்கிறார், சுரண்டி நிறம் பார்க்கிறார். செம்பா பித்தளையா, எவர்சில்வரா அலுமினியமா என்று நொடியில் சொல்லிவிடும் தேர்ச்சி காயலான் கடைக்காரருக்கு உண்டு. அந்தத் தேர்ச்சிக்கு எட்டாத பொருள் கதிரியக்க மூலம். அதற்கு வாசனை இல்லை, சூடு தெரியாது, பெரும்பாலும் பார்க்கவும் சாதாரண உலோகத் துண்டுதான். ஆனால் எட்டி நின்றே அடையாளம் காண இதைவிட எளிதான கழிவும் வேறு இல்லை. தன் பெயரைத் தானே இடைவிடாமல் அறிவித்துக்கொண்டிருக்கும் பொருள் இது. கேட்கிற கருவி அருகில் இருந்தால் போதும். அந்தக் கருவியும் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. இருந்தும் பிரேசிலின் கோயானியாவிலும் டெல்லியிலும் முதலில் ஒலித்தது கருவி அல்ல, மனித உடல். கைகள் கொப்பளித்து, முடி உதிர்ந்து, மருத்துவர் சந்தேகப்பட்ட பிறகே அளவுமானிகள் வந்தன. குறை தொழில்நுட்பத்தில் இல்லை, அதை நிறுத்திவைத்திருக்கும் இடத்தில் இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். பழைய உலோகத்தின் பயணத்தில் கடைசி வாசலில் நிற்கும் கருவியை முதல் வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே மணி அடித்தால், அதை அடிக்கவிட்ட மனிதருக்கு நஷ்டம் வராமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். இரண்டாவது இல்லாமல் முதலாவது பயன் தராது.

அளவீடு எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் அதன் பலமும் வரம்பும் தெரியும். கதிரியக்க அணுக்கரு சிதையும்போது வெளியேறும் காமா கதிருக்கு, அந்த அணுக்கருவுக்கே உரிய ஆற்றல் உண்டு. கோபால்ட்-60 இரண்டு கதிர்களைத் தருகிறது: ஒன்று 1,173 கிலோ எலக்ட்ரான் வோல்ட், மற்றது 1,332. சீசியம்-137 தருவது 662. அமெரிசியம்-241 மிக மெல்லிய 59.5. வெண்கலமும் ஈயமும் தட்டினால் வேறு வேறு ஓசை எழுப்புவதுபோல, இந்த எண்கள் ஒன்றோடொன்று குழம்புவதில்லை. எஃகு ஆலை வாசலிலும் துறைமுகத்திலும் தூண்களாக நிற்கும் உணர்கருவிகளில் பெரும்பாலும் பெரிய பிளாஸ்டிக் பலகைகள் இருக்கும். காமா கதிர் பட்டால் அந்தப் பலகைக்குள் நுண்ணிய ஒளி தெறிக்கும். அதை மின்துடிப்பாக்கி எண்ணுகிறார்கள். பலகை பெரிதென்பதால் லாரி மெல்ல ஊர்ந்து போகும் சில நொடிகளுக்குள் வேலை முடிந்துவிடும். கதிர் கூடியிருக்கிறது என்று அது சொல்லும். எந்தப் பொருள் என்று நன்றாகப் பிரித்துச் சொல்லாது. அதற்கு சோடியம் அயோடைடு படிகமோ ஜெர்மேனியம் படிகமோ வைத்த கருவியோடு இன்னொருவர் வர வேண்டும். முதலில் விரைவான எச்சரிக்கை, பிறகு நிதானமான அடையாளம் என்ற இந்த வரிசை முக்கியமானது. பின்னால் வரும் ஆட்சேபம் ஒன்றுக்கு விடை இதில்தான் இருக்கிறது.

இந்த முறை எவ்வளவு கூர்மையானது என்பதற்கு மேற்கு ஆஸ்திரேலியா சான்று. 2023 ஜனவரியில் சுரங்கம் ஒன்றிலிருந்து பெர்த் நகரத்துக்கு வந்த லாரியிலிருந்து சீசியம்-137 அடைத்த சிமிழ் ஒன்று விழுந்துவிட்டது. 6 மில்லிமீட்டர் விட்டம், 8 மில்லிமீட்டர் உயரம். தேட வேண்டிய சாலை ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். உணர்கருவி பொருத்திய வண்டி மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோதே, சாலையோரத்திலிருந்து சுமார் 2 மீட்டர் தள்ளிக் கிடந்த அதைப் பிப்ரவரி 1ஆம் தேதி கண்டுபிடித்தது. ஆனால் அந்தச் சிமிழ் திறந்த வெளியில் கிடந்தது என்பதை மறக்கக் கூடாது. தொலைவு இரு மடங்கானால் கதிரின் செறிவு நான்கில் ஒன்றாகும். நடுவில் இரும்பு வந்தால் இன்னும் குறையும். சுமார் 2 சென்டிமீட்டர் கனமுள்ள இரும்பே கோபால்ட்-60இன் கதிரை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும். பத்து மடங்கு கனமானால் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வெளியே வரும். லாரியின் அடித்தட்டில், இருபது டன் இரும்புக்குக் கீழே புதைந்த மூலத்தைப் பக்கவாட்டுத் தூண் தவறவிடுவதில் வியப்பில்லை. லாரி நுழைந்ததுமே அதன் இரும்பு சுற்றுப்புறத்தின் இயற்கைக் கதிரையும் மறைத்து, கருவியின் அடிப்படை அளவையே தாழ்த்திவிடுகிறது. ஆகவே ஒரு பொருள் எவ்வளவு சிறிய குவியலாக இருக்கும்போது அளக்கப்படுகிறதோ, அவ்வளவு நம்பகமாக அது சிக்கும். ஆலை வாசலைவிடக் கடை வாசல் நல்ல இடம் என்பதற்கு இரக்கத்தை மட்டும் காரணமாகச் சொல்ல வேண்டியதில்லை; இயற்பியலே அதைச் சொல்கிறது.

ஆலை வாசல் தவறவிட்டதற்குப் பெயர்பெற்ற உதாரணம் ஸ்பெயினின் காதிஸ் மாகாணத்தில் உள்ள அசெரினாக்ஸ் எஃகு ஆலை. 1998 மே மாத இறுதியில், வாசலில் கண்காணிப்புக் கருவி இருந்தும் அதற்குச் சிக்காத சீசியம்-137 மூலம் ஒன்று அங்கே உருக்கப்பட்டுவிட்டது. உலைக்குள் போனபின் ஒவ்வொரு தனிமமும் ஒவ்வொரு வழியில் பிரியும். கோபால்ட் எஃகோடு கலந்து நிற்கும். அமெரிசியம் கசடில் தங்கும். சீசியம் ஆவியாகிப் புகைத்தூசியோடு போகும். அப்படிப் போன சீசியம் பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து வரை காற்றை அளக்கும் நிலையங்களில் பதிவாயிற்று. உடல்நலத்தைப் பாதிக்கும் அளவில் இல்லை என்றாலும், வழக்கத்தைவிடப் பல மடங்கு உயர்வு. உருக்கிய பிறகு தூசியையும் கசடையும் எஃகு மாதிரியையும் தனித்தனியே அளக்க வேண்டும் என்ற பாடம் இங்கிருந்து வந்தது. 2023 மார்ச்சில் தாய்லாந்தின் பிராச்சின்புரி மாகாணத்து மின்நிலையத்தில் காணாமல் போன சீசியம் உருளையைத் தேடியபோது, அதன் தடம் உருக்காலை ஒன்றின் உலைத்தூசியில்தான் தென்பட்டது. அளந்ததால் தெரிந்தது, ஆனால் அதற்குள் உருளை உருகிவிட்டிருந்தது.

கோயானியாவின் கதை இதைவிடக் கனமானது. 1987 செப்டம்பரில் பிரேசிலின் அந்த நகரத்தில், கைவிடப்பட்ட சிகிச்சை நிலையத்தில் கிடந்த கருவியின் தலைப்பாகத்தை இருவர் கழற்றிப் பழைய இரும்புக் கடைக்கு விற்றார்கள். உள்ளே இருந்த சீசியம்-137 தூள் இருட்டில் நீலமாக ஒளிர்ந்தது. அந்த அழகில் மயங்கி உறவினரும் நண்பரும் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிப் போனார்கள். வீட்டில் எல்லாரும் ஒரே சமயத்தில் நோயில் விழுவதற்கு அந்தப் பொருளே காரணம் என்று முதலில் உணர்ந்தவர் கடைக்காரரின் மனைவி. மிஞ்சியதைப் பையில் போட்டுப் பேருந்தில் சுகாதார அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் அவர்தான். மறுநாள் இயற்பியலாளர் ஒருவர், யுரேனியம் தேடும் நிறுவனத்திடம் கருவியை இரவல் வாங்கி வந்தார். அலுவலகத்துக்கு இன்னும் தூரம் இருக்கும்போதே முள் எல்லையைத் தொட்டு நின்றது. எந்தப் பக்கம் திருப்பினாலும் இறங்கவில்லை. கருவிதான் பழுது என்று நினைத்துத் திரும்பிப் போய் வேறொன்றை வாங்கினார். அதுவும் அப்படியே நின்றது. அவர் வந்து சேர்ந்தபோது தீயணைப்புப் படையினர் அந்தப் பொருளை ஆற்றில் எறியத் தயாராக இருந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். அந்தப் பெண்மணியும் அவர்களில் ஒருவர். 249 பேரின் உடலிலோ உடையிலோ கதிரியக்கம் ஒட்டியிருந்தது. 1,12,000 பேரைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. இரவல் வாங்கிய ஒரு கருவி பத்து நாள் முன்னதாக அந்தக் கடை வாசலுக்கு வந்திருந்தால் என்ற கேள்வியை யாரும் எளிதில் கடந்துபோக முடியாது.

நம் நாட்டின் கோயானியா டெல்லியின் மாயாபுரி. அந்நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் வேதியியல் துறை 1970ஐ ஒட்டிக் கனடாவிலிருந்து வாங்கிய காமா கதிர்வீச்சுக் கருவி, 1985க்குப் பிறகு பயன்படாமல் கிடந்தது. 2010 பிப்ரவரியில் அதை ஏலத்தில் விட்டார்கள். மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் அதைப் பிரித்து ஈயக் கவசத்தை வெட்டியெடுத்தபோது கோபால்ட்-60 வெளியே வந்தது. துண்டுகளில் ஒன்றை ஒருவர் தன் பணப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். பலர் மருத்துவமனையில் சேர, ஒருவர் உயிரிழந்தார். சர்வதேச அளவுகோலில் இது 4ஆம் நிலை விபத்து. கோபால்ட்-60 ஒவ்வொரு 5.27 ஆண்டுக்கும் பாதியாகக் குறையும். நாற்பது ஆண்டில் தொடக்க அளவில் 200இல் ஒரு பங்கு அளவுக்குத்தான் மிஞ்சியிருக்கும் என்பது கணக்கு. அந்த மிச்சம் ஓர் உயிரைக் குடிக்கப் போதுமானதாக இருந்தது. சீசியம்-137க்கோ அரை ஆயுள் 30 ஆண்டு. 1985இல் மூலையில் ஒதுக்கிய சீசியம் மூலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு இன்றும் உயிரோடுதான் இருக்கிறது.

இங்கே முதல் ஆட்சேபம் வரும். ஒவ்வொரு மூலத்தையும் பதிவேட்டில் ஏற்றி, பிறந்த நாள் முதல் புதைக்கும் நாள் வரை பின்தொடர்ந்தால் உணர்கருவியே தேவையில்லையே என்பார்கள். பதிவேடு கட்டாயம் வேண்டும். கனமான ஈயத்துக்குள் இருக்கும் மூலத்தைப் பதிவேடுதான் காட்டிக்கொடுக்க முடியும். ஆனால் மாயாபுரிக்குப் போன கருவி வாங்கப்பட்டபோது இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமே பிறக்கவில்லை. அது 1983 நவம்பரில் அமைக்கப்பட்டது. பதிவேடு தொடங்கும் முன்பே நாட்டுக்குள் வந்துவிட்ட பொருளைப் பதிவேடு எப்படி அறியும்? எச்சரிக்கைச் சின்னத்தை நம்பலாம் என்பதும் அப்படித்தான். மூன்று இதழ் கொண்ட கதிரியக்கச் சின்னம் படித்தவர்களுக்கே பலமுறை புரிவதில்லை என்பதால்தான், மண்டையோடும் ஓடும் மனிதனும் கொண்ட சிவப்பு முக்கோணச் சின்னத்தைச் சர்வதேச அணுசக்தி முகமை 2007இல் அறிமுகம் செய்தது. கருவியின் உட்புறத்தில், பிரிப்பவர் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டுவதற்காக வடிவமைத்தார்கள். நல்ல முயற்சி. அதற்கு முன் தயாரான கருவிகளில் அது இருக்கப்போவதில்லை.

செலவு என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி, நியாயமானதும்கூட. தெருவுக்குத் தெரு இருக்கும் காயலான் கடைகளில் தூண் கருவி நிறுத்த எந்த அரசாலும் முடியாது, தேவையுமில்லை. பழைய உலோகம் நாலாபுறமும் இருந்து வந்து சில இடங்களில் குவிகிறது. சென்னையில் புதுப்பேட்டை போன்ற சந்தைகள், மொத்த வியாபாரிகளின் எடைமேடைகள், கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைகளில் வரிசையாக நிற்கும் உருக்காலைகளின் வாசல்கள் ஆகியவையே அந்த இடங்கள். லாரி எப்படியும் எடைமேடையில் நின்றுதான் ஆக வேண்டும்; அந்த நிறுத்தமே அளப்பதற்குப் போதுமான நேரம். சந்தைக்கு ஒன்றிரண்டு கைக்கருவிகள், அவற்றைப் பயன்படுத்தப் பழகிய சிலர் இருந்தால் சிறு கடைகளும் அந்த வளையத்துக்குள் வந்துவிடும். சாதாரணக் கைக்கருவி ஒன்றின் விலை இன்று நல்ல செல்போன் ஒன்றின் விலையை ஒட்டியதுதான். மறுபக்கத்துச் செலவையும் பார்க்க வேண்டும். ஒரு சீசியம் மூலம் உருகினால் உலை நிற்கும், தூசி முழுவதும் கதிரியக்கக் கழிவாகும், சுத்தம் செய்ய மாதங்கள் ஆகும். அசெரினாக்ஸ் ஆலைக்கு ஏற்பட்ட இழப்பு கோடிக்கணக்கான டாலர்.

மணி அடித்தால் பீதிதான் மிஞ்சும், அதுவும் பாதி பொய் மணியாக இருக்கும் என்ற கவலையும் உண்டு. மணி அடிக்கும் என்பது உண்மை. ஓடு, கிரானைட், பொட்டாஷ் உரம் எல்லாவற்றிலும் இயற்கையான கதிரியக்கம் இருக்கிறது. எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களின் உட்சுவரில் ரேடியம் படிந்திருக்கும். பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டிலில் தோரியம் இருக்கும். அணுமருத்துவச் சிகிச்சை பெற்றுத் திரும்பும் லாரி ஓட்டுநர்கூடத் தூணை ஒலிக்க வைக்க முடியும். முன்னே சொன்ன இரண்டாம் கட்டக் கருவி பயன்படுவது இங்கேதான். பொட்டாசியத்தின் கதிர் 1,461 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் நிற்கும். சீசியத்தின் 662ஓடு அது குழம்பாது. ஊருக்கு ஊர் அடிப்படை அளவும் மாறும். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கரையில் மோனசைட் மணலில் உள்ள தோரியத்தால் இயற்கைக் கதிரே உயர்வு. அங்கே நிறுத்தும் கருவிக்கும் சென்னையில் நிறுத்தும் கருவிக்கும் ஒரே எல்லையை வைத்தால், ஒன்று ஓயாமல் கத்தும் அல்லது மற்றது தூங்கிவிடும். அந்தந்த இடத்துக்கு ஏற்ப எல்லையைச் சரிசெய்வது தெரிந்த வேலைதான். பொய் மணிக்குப் பயந்து கருவியை அணைப்பதுதான் ஆபத்து.

இதுவரை சொன்னவற்றை எல்லாம் பணமும் பயிற்சியும் தீர்த்துவிடும். தீராதது ஒன்று இருக்கிறது. கருவி ஒலித்த மறுகணம் அந்தக் கடைக்காரருக்கு என்ன நடக்கும்? போலீஸ் வரும், கடை மூடப்படும், சரக்கு முழுவதும் முடங்கும், பெயர் பத்திரிகையில் வரும். அவர் செய்த தவறு, விற்க வந்ததை வாங்கியது மட்டும். இந்த நிலை தொடர்ந்தால், புத்தியுள்ள எந்த வியாபாரியும் கருவியை வாங்கமாட்டார், வாங்கியிருந்தால் அணைத்துவைப்பார், சந்தேகமான துண்டை அடுத்த லாரியில் சத்தமில்லாமல் ஏற்றிவிடுவார். பெரிய ஆலையும் லாரியைத் திருப்பி அனுப்பிக் கை கழுவும். திருப்பி அனுப்பிய மூலம் சாலையில் எங்கோ இறக்கப்பட்டு மறைந்துபோகும். கண்டுபிடித்ததையே மறுபடி தொலைப்பதற்குச் சமம் இது. ஸ்பெயின் அசெரினாக்ஸ் விபத்துக்குப் பிறகு 1999இல் செய்த ஏற்பாடு இதற்கு விடை காட்டுகிறது. அரசுத் துறைகளும் அணு ஒழுங்குமுறை அமைப்பும் கதிரியக்கக் கழிவைக் கையாளும் பொது நிறுவனமும் எஃகு ஆலைகளும் பழைய உலோக வணிகர்களும் சேர்ந்து ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். மணி அடித்தால் யாரை அழைப்பது, யார் வந்து எடுப்பது, எங்கே கொண்டுபோவது என்பதை முன்கூட்டியே எழுதிவைத்தார்கள். நம் சந்தைகளுக்கும் அப்படி ஓர் ஏற்பாடு வேண்டும். கண்டெடுத்துச் சொல்பவர்மீது வழக்கு இல்லை, அகற்றும் செலவு அவருடையதில்லை, முடங்கிய சரக்குக்கு ஈடு உண்டு என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். குற்றவாளிகளுக்குச் சலுகை தருவதாகும் என்று இதை எதிர்ப்பவர்கள், வாங்கியவரையும் கைவிட்டவரையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். பொறுப்பு மூலத்தை வாங்கிப் பயன்படுத்தி, கணக்கில்லாமல் கைவிட்ட நிறுவனத்துடையது.

இன்று கருவிகள் நிற்கும் இடத்தைப் பார்த்தால் யாரைப் பாதுகாக்க அவை இருக்கின்றன என்பது புரியும். 2008இல் பிரான்சில் மின்தூக்கிப் பொத்தான்களில் கோபால்ட்-60 இருப்பது தெரிந்தது. உலோகம் இந்தியாவிலிருந்து போனது. அங்கே 20 தொழிலாளர்கள் பொதுமக்களுக்கான ஆண்டு வரம்பைத் தாண்டிய கதிரைப் பெற்றார்கள் என்று முறையாக விசாரித்து அறிவித்தார்கள். 2012 ஜனவரியில் அமெரிக்கக் கடைகளில் விற்ற, இந்தியாவில் செய்த உலோக டிஷ்யூ பெட்டிகளில் அதே கோபால்ட் அகப்பட்டது. 2025 ஆகஸ்டில் இந்தோனேசியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன இறால் பெட்டகங்களில் சீசியம்-137 தெரிந்தது. தடம் ஜாவாவின் சிக்கான்டே தொழிற்பேட்டையில் பழைய உலோகம் உருக்கும் ஆலைக்குப் போனது. மூன்று முறையும் வாங்கும் நாட்டில்தான் விஷயம் வெளிப்பட்டது. அந்த எஃகைத் தொட்டு, வெட்டி, உருக்கி, வார்த்த இந்திய, இந்தோனேசியக் கைகளுக்கு அருகில் அந்த நேரத்தில் ஒலிக்க ஒரு கருவி இல்லை.

ஆகவே எங்கே தொடங்குவது என்று கேட்டால், சந்தைக்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது: ஏலம். பல்கலைக்கழகங்கள், அரசு மருத்துவமனைகள், சிமென்ட் ஆலைகள், காகித ஆலைகள் என்று கதிரியக்க மூலம் பயன்பட்ட இடங்கள் பல. தொட்டியின் மட்டம் அளக்கவும் தாளின் கனம் அளக்கவும் சீசியம் போன்ற மூலங்கள் வைத்த கருவிகள் தொழிற்சாலைகளில் சாதாரணம். இந்த நிறுவனங்கள் கழித்துக்கட்டும் பொருள்களை ஏலத்துக்குக் கொடுக்கும் முன், ஒவ்வொன்றின் அருகிலும் கைக்கருவியைக் கொண்டுபோய் அளந்து, அளவையும் அளந்தவர் பெயரையும் ஏலப் பட்டியலிலேயே எழுத வேண்டும் என்று ஒரு விதி செய்யலாம். ஈயக் கவசத்துக்குள் இருக்கும் மூலம் அப்போதும் கைக்கருவிக்கு அகப்படாமல் போகலாம். ஆனால் ஈயம் கதிரை மறைக்கலாம், தன் எடையை மறைக்க முடியாது. உருவத்துக்குப் பொருந்தாத எடையுள்ள எந்தக் கருவியையும், அது என்ன என்று எழுத்தில் விளக்கம் கிடைக்கும் வரை ஏலம் விடக் கூடாது என்ற இரண்டாவது விதி அந்த ஓட்டையை அடைக்கும். இந்த இரண்டுக்கும் புதிய இயந்திரமோ பெரிய நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. துணைவேந்தர்களும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களும் அடுத்த ஏல அறிவிப்புக்கு முன்பே, ஒரு சுற்றறிக்கையில் இதை நடைமுறைக்குக் கொண்டுவர முடியும்.